ஒரு மணிக்கு இருபது நிமிடம் முன்பு

அன்னவாசல் சாலையில் ஒரு மைல் நடந்த பிறகுதான் கையில் கம்பி இருப்பதைப் பார்த்தேன். பள்ளிக்கூட மணி அடிக்கிற கம்பி. முழ நீளம், அடித்து அடித்து ஒரு நுனி பரந்துபோனது. இடது தோளில் துணிப்பை, வலது கையில் இரும்புக் கம்பி. எதிரில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் என்னைப் பார்த்ததும் சாலையின் மறுஓரத்துக்கு ஒதுங்கிப் போனார். அப்போதுதான் குனிந்து என் கையைப் பார்த்தேன்.

பகல் இரண்டு மணி இருக்கும். மாசிக் கடைசி. தைலமரங்களின் நிழல் காலடியைத் தாண்டவில்லை.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் சொன்னது இவ்வளவுதான்: கடைக்குப் போய் எல்லாக் கடிகாரத்துக்கும் பேட்டரி செல் வாங்கி வந்து போடுங்கள், நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்து வேலையைப் பாருங்கள். நானும் செல் வாங்கத்தான் கிளம்பினேன். ஆனால் செல் வாங்கப் போகிறவன் மாற்றுத் துணியையும் போர்வையையும் ஏன் பையில் எடுத்து வைக்க வேண்டும்? அதை அறையில் செய்யும்போது நான் யோசிக்கவில்லை. என் கை அந்த வேலையைப் பல ஊர்களில் செய்து பழகியது.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். போர்வெல் லாரி, சாயப்பட்டறை, கேரளத்தில் ஓட்டல், ஈரோட்டில் மஞ்சள் கிடங்கு என்று போய்க்கொண்டே இருந்தவன். எங்கேயும் ஆறு மாதம் தாண்டியதில்லை. கூலி குறைச்சல், முதலாளி சரியில்லை என்றெல்லாம் காரணம் சொல்வேன். உண்மையில் ஒரு இடத்தின் சத்தங்கள் பழகிவிட்டால் எனக்குக் கால் நிற்காது. மனைவி என்னோடு நான்கு ஊர் வந்தாள். ஐந்தாவது ஊர் என்றதும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு மகளோடு கறம்பக்குடிக்கு அங்கிட்டு இருக்கிற அவள் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. பஸ் ஏற்றிவிட்டதே நான்தான்.

அப்புறம் நோய்க்காலம் வந்து ஊரெல்லாம் பூட்டினார்கள். ஈரோட்டிலிருந்து பாதி நடையும் பாதி லாரியுமாக வந்து சேர்ந்தபோது, அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆள் தேவை என்றார்கள். பிள்ளைகள் வராத பள்ளி. பூட்டிய வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். சமையல் கூடத்தை ஒட்டி ஒரு அறை கொடுத்தார்கள். பதினாறு மாதம் இருந்தேன். என் வாழ்நாளில் அதுதான் நீளம். விழித்தபோது எழுந்தேன், பசித்தபோது பொங்கினேன். மத்தியானம் கிளம்பி சித்தன்னவாசல் மலைவரை நடப்பேன். பார்க்க வருகிற கூட்டம் இல்லாமல் பாறை சும்மா கிடக்கும். அதன் நிழலில் படுத்துவிட்டுத் தோன்றும்போது திரும்புவேன்.

திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று மனைவிக்குப் போன் செய்தேன்.

“பாத்தியா, பதினாறு மாசம் ஒரே எடத்துல இருந்துட்டேன். பிள்ளையக் கூட்டிக்கிட்டு இங்கிட்டு வந்துரு.”

அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

“ஊரையே பூட்டிப் போட்டா யாருதாங்க இருக்கமாட்டாங்க? ஆடுகூட இருக்கும். தெறந்த பெறகு ஒரு வருஷம் இருந்து காட்டுங்க. நானே மெஷினத் தூக்கிக்கிட்டு வாரேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடம் திறந்த அன்றிலிருந்து நாள் எண்ணினேன். சாலையில் கம்பியோடு நின்ற அன்று ஆறு மாதமும் பதினோரு நாளும் ஆகியிருந்தன.

எதிரில் மூன்று பெண்கள் வந்தார்கள். தலையில் துண்டு, கையில் களைக்கொத்து. பள்ளிக்கூடத்துக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கடலைக் கொல்லையில் களை வெட்டுகிறவர்கள். எல்லோரையும் தெரியும். அவர்களால்தான் இதெல்லாம் ஆனது என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர்களைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லவும் முடியாது.

அந்தப் பக்கத்துக் கொல்லைகளில் வேலைக்கு இறங்குவதும் முடித்துக் கரையேறுவதும் பள்ளிக்கூட மணியை வைத்துத்தான். வேப்பமரக் கிளையில் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடித்தால் ஒன்றரை மைல் கேட்கும். ஒரு மணிக்கு அடிக்கிற நீள மணி கேட்டதும் பெண்கள் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கொல்லைக்காரரும் அதை ஒப்புக்கொள்வார். அவரிடம் போன் இருந்தாலும் மணிதான் கணக்கு. பள்ளிக்கூடம் பூட்டியபோது மணியும் நின்றுபோனது. நான் வந்த முதல் மாதமே பெண்கள் வேலிக்கு வந்து நின்றார்கள்.

“பிள்ளைக வரலைன்னா என்ன, எங்களுக்கு ஒரு மணி அடிங்கண்ணே. அந்த மனுசன் பொழுது சாயுற வரைக்கும் விடமாட்டேங்குறாரு.”

அடித்தேன். போனில் நேரம் இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை. கொடிக்கம்பத்து நிழலைப் பார்த்து அடித்தேன். சித்திரை வெயிலில் அவர்கள் முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் முன்னால் அடிப்பேன். மேகம் போட்ட நாளில் நிதானமாக அடிப்பேன். வேலிப் பக்கமிருந்து “மணி ஆகலையாண்ணே?” என்று ஒரு குரல் வந்தால் என் கை கம்பிக்குப் போய்விடும். பதினாறு மாதம் அப்படித்தான். ஒரு மணி என்பது நான் அடிக்கும்போது ஆவது. யாருக்கும் நட்டமில்லை, கொல்லைக்காரரைத் தவிர.

இன்னொன்றும் செய்தேன். அறையைச் சுற்றிப் பாம்பு அதிகம். டார்ச்சுக்குச் செல் வாங்க அப்போது கடை இல்லை. வகுப்பறைக் கடிகாரங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுக்கொண்டேன். பூட்டிய அறையில் கடிகாரம் ஓடி யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன்.

பிறகு திறந்தார்கள். பழைய ஒன்பது மணி திரும்பி வந்தது. ஆனால் யாரும் பழைய ஆளாகத் திரும்பி வரவில்லை. கணக்கு ஆசிரியர் வகுப்பில் நின்றுகொண்டு நிமிடத்துக்கு ஒருதரம் “கேக்குதா, எல்லாருக்கும் கேக்குதா?” என்று கேட்டார். முன் பெஞ்சிலிருந்து “கேக்குது சார், நேர்லதான் சார் இருக்கோம்” என்றார்கள். பதினொரு மணிக்கு ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒரு டீச்சர் வீட்டுச் செருப்போடு வந்து, மத்தியானம்தான் அதைக் கவனித்தார். எல்லோரும் ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து நேரத்தைக் கற்றுக்கொண்டார்கள். நான்தான் ஆகவில்லை.

பிள்ளைகள் கலந்துவிடக் கூடாது என்று இடைவேளையையும் சாப்பாட்டையும் பிரித்துப் பிரித்து விட்டார்கள். நாளைக்கு எட்டுத் தடவை அடித்த மணி பதினேழு தடவை ஆனது. தலைமை ஆசிரியர் பெரிய தாளில் நேரம் எழுதி என் ஸ்டூலுக்கு மேல் ஒட்டினார். ஒன்பது இருபது. பத்து ஐந்து. பத்து ஐம்பது. என் பட்டன் போனில் அலாரம் ஐந்துக்கு மேல் வைக்க முடியாது. மீதிப் பன்னிரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். உட்காருவதுதான் கஷ்டம். நாற்பத்தைந்து நிமிடம் என்பது சித்தன்னவாசலுக்குப் போய்வரப் போதாது, சும்மா இருக்க அதிகம். வேலியைச் சுற்றி நடந்தேன். அது போதாமல் கண்மாய்க் கரைவரை நடந்தேன். மூன்று முறை கரையிலிருந்து ஓடிவந்து மூச்சு வாங்க அடித்திருக்கிறேன். நாள் முடிந்து படுத்தால், வேலையே செய்யாத உடம்பு போர்வெல் லாரியில் குழாய் தூக்கியதைப் போல வலிக்கும். ஆனாலும் ஆறு மாதம் ஓட்டினேன். தாளின் ஓரத்தில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

அன்று பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு. பத்து மணியிலிருந்து ஒரு மணி. மூன்று அறைகள். ஆசிரியர்களின் போனெல்லாம் தலைமை ஆசிரியர் மேசையில் இருந்தன. பன்னிரண்டரைக்கு எச்சரிக்கை மணி சரியாக அடித்தேன். பிறகு ஸ்டூலை விட்டு எழுந்தேன். வேலி ஓரத்தில் மூத்த பெண்மணி ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, மணி ஆகலையா?”

இரக்கம் என்று சொன்னால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். அது இல்லை. கை போனது. நீள மணியை முழுசாக அடித்து முடித்து, கம்பியைக் கீழே இறக்கிய பிறகுதான் போனைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது.

ஒரு அறையில் இருந்த டீச்சர் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். அவர் அசையவில்லை. மற்ற இரண்டு அறையிலும் சுவரைப் பார்த்திருக்கிறார்கள். சுவரில் கடிகாரம் இருந்தது, அது எப்போதோ நின்றிருந்தது; ஆளுக்கொரு போன் இருந்ததால் அதுவரை யாரும் கவனிக்கவில்லை. மணியை நம்பித் தாள்களை வாங்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் பிள்ளைகள் வராந்தாவில் நின்று பதிலைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். கடைசிக் கணக்கின் பாதியில் பேனாவைப் பிடுங்கிவிட்டார்களாம். என் மகளுக்கும் அவள் வயது நெருங்குகிறது.

தலைமை ஆசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கடிகாரத்துச் செல் கதையையும் நானே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரே பள்ளிக்கூடத்துல மூணு ரூமுக்கு ரெண்டு நேரம் வச்சிருக்கீங்க. நல்லவேளை, இது பெரிய பரீட்சைக்கு ஒத்திகைதான். நாளான்னைக்கு மறுபடி வச்சுக்குறோம். போங்க, செல்ல வாங்கிப் போடுங்க.”

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு இருந்திருப்பேனோ என்னவோ. அவர் அடுத்த நாளைப் பற்றிச் சாதாரணமாகப் பேசினார். அந்த அடுத்த நாளில் பதினேழு மணி இருந்தது.

சாலையில் பெண்கள் நெருங்கி வந்தார்கள்.

“எங்கண்ணே இங்கிட்டு? கையில கம்பி வேற. யார அடிக்கப் போறீங்க?” என்றாள் முன்னால் வந்தவள்.

“அக்காவுக்கு இப்ப தலச்சுத்தல் பரவாயில்லையா?” என்று மூத்த பெண்மணியைக் கேட்டேன்.

“எந்தத் தலச்சுத்து? அதா? வெத்தல தீந்துபோச்சு தம்பி. வெத்தல போடலைன்னா எனக்கு அப்புடித்தான் கிறுகிறுன்னு வரும். கரையேறுனதும் கடைக்குப் போயி வாங்கிட்டுத்தான் திரும்புறோம்.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். முன்னால் வந்தவள் விடவில்லை.

“மணி அடிச்சதும் கரையேறிட்டோம். அந்த மனுசன் போன எடுத்துப் பாத்துட்டு மறுபடியும் எறக்கி விட்டுட்டாரு. அதுக்கு மேல அரமணி நேரம் கூட வெட்ட வச்சாரு. ஒங்க புண்ணியத்துல இன்னைக்கு ஒரே கொல்லையில ரெண்டு தடவ எறங்குனோம்.”

கம்பியை அவளிடம் நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடச் சொன்னேன். அவள் வாங்கி எடை பார்த்தாள். என் தோளில் இருந்த பையைப் பார்த்தாள்.

“அப்ப நாளைக்கு எங்களுக்கு யாருண்ணே அடிப்பா?”

“அவுக அடிப்பாக. சரியா அடிப்பாக.”

“சரியா அடிக்கிறவுக எங்களுக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அன்னவாசலில் எட்டுச் செல் வாங்கினேன். பள்ளி வேன் சாயங்காலம் நிற்கிற டீக்கடையில் கொடுத்து, டிரைவரிடம் சேர்க்கச் சொன்னேன். டீ குடித்தேன். புதுக்கோட்டை பஸ் வந்தது. புதுக்கோட்டையில் இறங்கியதும் திருப்பூர் பஸ் எங்கே நிற்கிறது என்று என் கண் தானாகத் தேடியது. நின்றுகொண்டுதான் இருந்தது. ஜன்னல் ஓரம் காலி. அதில் ஏறியிருந்தால் மனைவிக்கு ஒரு மாதம் கழித்துப் போனில் சொல்லியிருப்பேன். முன்பெல்லாம் அப்படித்தான் சொல்வேன். ஆறு மாதம் பதினோரு நாள் கோடு போட்டவன், அதை நேரில் போய்த்தான் அழிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடி போகிற பஸ்ஸில் ஏறினேன்.

கறம்பக்குடியிலிருந்து மினிபஸ். மனைவியின் அக்கா வீடு சாலை வளைவில், பஸ் நிற்கிற புளியமரத்துக்கு எதிரே இருக்கிறது. வாசல் அறையில் தையல் மெஷின். பொழுது சாய்கிற நேரத்தில் போய் நின்றேன். மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“லீவாப்பா?”

அவள் அம்மா என்னைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தாள். போர்வை உள்ளே இருந்தால் பை எப்படிப் புடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் கையை முடித்துவிட்டு நூலைக் கடித்தாள்.

நடந்ததைச் சொன்னேன். கடிகாரச் செல், பெண்கள், மணி, அழுத பிள்ளை, எல்லாம்.

“அவுக போகச் சொன்னாகளா?”

“இல்ல.”

“நாளைக்கு வரச் சொன்னாக.”

“ஆமா.”

“எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?”

“ஒன்றரை.”

“அதுக்கு மட்டும் மணி சரியாத் தெரிஞ்சிருக்கு.” அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தாள். “கைதவறி அடிச்சத நான் ஒண்ணும் சொல்லல. யாரும் அடிப்பாங்க. அந்தப் பிள்ளை மறுபடி பரிச்ச எழுதுற அன்னைக்கு ஒழுங்கா அடிச்சுட்டாவது வந்திருக்கலாம்.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் வந்த மூன்று மணி நேரத்திலும் தோன்றவில்லை.

சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, “இன்னைக்குப் படுத்துக்குங்க. காலையில ஆறு பத்துக்கு மொத வண்டி. அதுல போயிருங்க. பிள்ளை முழிக்கிறதுக்கு முன்னாடி போனா நல்லது” என்றாள். கோபம் இல்லை. மழை வருமா என்று பேசுகிற குரல்.

காலையில் ஆறு மணிக்குப் புளியமரத்தடியில் நின்றேன். மினிபஸ் ஆறு பதினெட்டுக்கு வந்தது. ஸ்டியரிங்கில் இருந்தவர் முகம் கொதித்துக்கொண்டிருந்தது. என் வயதுதான் இருக்கும், வண்டியும் அவருடையதே. டிக்கெட் போடுகிற ஆளும் இல்லை, கிளீனரும் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவரே இறங்கி, பால்கேனைத் தூக்கி வைத்து, காசை வாங்கி, மறுபடி ஏறி ஓட்டினார். அடுத்த நிறுத்தத்தில் நான்கு கேன் நின்றன. படியில் நின்ற நான் இறங்கித் தூக்கி வைத்தேன். ஒரு கிழவருக்குக் கை கொடுத்தேன். கீரைக் கட்டு மூட்டையைப் பின்னால் தள்ளினேன். வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி “போலாம்” என்றேன். யாரும் சொல்லித்தரவில்லை. போர்வெல் லாரியில் தட்டிய தட்டுதான்.

கறம்பக்குடி பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழையும்போது எங்களுக்குப் பின்னால் வர வேண்டிய பஸ் எங்களுக்கு முன்னால் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, “என்ன மாப்ள, ஒன் வண்டிக்கு இப்பதான் விடிஞ்சுச்சா?” என்று கத்தினார். நம் டிரைவர் அதற்குச் சரியான பதிலைச் சொன்னார். அதை எழுத வேண்டாம்.

பிறகு என்னிடம் திரும்பினார்.

“எங்க எறங்கணும் நீங்க?”

“தெரியல.”

“தெரியலைன்னா? இருந்த ரெண்டு பயலுகளும் மில்லு தெறந்துட்டாங்கன்னு திருப்பூருக்கு ஓடிட்டானுக. கண்டக்டர் லைசென்சு இருக்கா?”

“எட்டாவதே முடிக்கல.”

“அப்ப டிக்கெட்டுக்கு மத்தியானம் என் மச்சினன் வந்துருவான். நீங்க ஏத்துங்க, எறக்குங்க, கூவுங்க. ஏழு நடை. ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு நிமிசம் உண்டு. தப்புனா அந்தா கத்துறான் பாருங்க, அவன் நம்ம ஆளுகள அள்ளிக்கிட்டுப் போயிருவான். ஒரு எடத்துல சும்மா ஒக்கார முடியாது. சம்மதமா?”

ஒரு இடத்தில் சும்மா உட்கார முடியாத வேலை ஒன்று இருக்கிறது என்று ஒருவர் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் புளியமரத்து வளைவுக்கு என்ன நேரம் என்று கேட்டேன். போகும்போது ஏழு இருபது, வரும்போது ஏழு ஐம்பத்தைந்து, அப்புறம் ஒன்பது ஐந்து என்று அவர் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனார். சரி என்றேன். என் பையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார்.

ஏழு இருபதுக்குப் புளியமரத்தில் ஐந்து பேர் இறங்கினார்கள். எதிர் வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் “கடைசி ஊர், கடைசி ஊர்” என்று கூவினேன். மெஷின் நின்றது. வண்டி நகர்ந்துவிட்டதால் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அவள் புளியமரத்தடியில் நின்றாள். கையில் என் துண்டு. கொடியில் போட்டு மறந்துவிட்டேன்.

“மொத வண்டியில போங்கன்னேன். வண்டியிலேயே ஒக்காந்துக்கச் சொன்னேனா?”

“ஒக்காரல. நிக்கிறேன்.”

“எத்தன நாளைக்கு?”

பள்ளிக்கூட ஞாபகம் அப்போதும் இருந்தது. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு யாரோ சரியாக மணி அடிப்பார்கள். பால்கேன் ஒன்றை இறக்கி வைத்தேன்.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ இங்கிட்டு வரும்?” என்றாள்.

“பதினாலு. ரெண்டு பத்துக்கு வர்றப்ப மூணு நிமிசம் நிக்கும்.”

“மூணு நிமிசத்துல சோறு திங்க முடியாது. கட்டித்தான் தரணும்.” துண்டை என் தோளில் போட்டாள். “நான் இங்கனதான் ஒக்காந்திருப்பேன். பதினாலுல ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்.”

டிரைவர் ஹாரனை அழுத்தினார். “அண்ணே, குடும்பக் கதைய மத்தியானம் பேசுங்க. ஒரு நிமிசம் போச்சு.”

படியில் ஏறி இரண்டு தட்டுத் தட்டினேன். ஏழு ஐம்பத்தாறு.